மைக்செட்டுக்கு மதிப்பூதியம் கிடையாது

2024 மார்ச்சில் எனக்கு விடைகொடுத்தார்கள். காங்கேயத்தில் ஒரு கலை மன்றத்தில் இருபத்தோரு வருஷ வேலை. கும்மியும் ஒயிலாட்டமும் சொல்லிக்கொடுப்பது, ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்ப்பது, அவர்கள் மாமியார்களிடம் அனுமதி வாங்குவது, நிகழ்ச்சி முடிந்ததும் சலங்கைகளை எண்ணி மூட்டை கட்டுவது, எல்லாம் அதில் அடக்கம். விழாவில் மூன்று பொன்னாடை, ஒரு குத்துவிளக்கு. பேசிய ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள். ஏழு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: சேவை.

அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் பொய். காங்கேயத்தைச் சுற்றிலும் தேங்காய்க் களங்கள். பருப்பைக் காயப்போட்டு, மழை மூட்டம் கண்டால் ஓடி அள்ளி மூடும் பெண்கள், சாயங்காலம் ஆறரைக்கு எண்ணெய் வாடையடிக்கும் கைகளோடு பயிற்சிக்கு வருவார்கள். தோட்டத்து வீட்டு அம்மாக்களும் வருவார்கள். ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி தண்ணீர் குடிக்காத ஊர். ஆனால் கும்மி வட்டத்தில் பக்கத்தில் நிற்பவளின் கையைப் பார்த்துத்தான் நம் கையைத் தட்டியாக வேண்டும். முதல் வாரம் தள்ளித் தள்ளி நின்றவர்கள், மூன்றாம் மாதம் அடி தவறினால் ஒருத்தியை ஒருத்தி உரிமையோடு திட்டிக்கொண்டார்கள். சாதி ஒழிந்துவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரம் அது வட்டத்துக்கு வெளியே நின்றது. அதைப் பார்க்கவே நான் போனேன்.

பிடித்த வேலை என்பதாலேயே கூலி கேட்கக் கூடாது என்று எந்த நியாயம் சொல்கிறது? களத்து முதலாளி கூலியைக் குறைப்பார், பிடித்தம் செய்வார். ஆனால் சனிக்கிழமை கூலிக்குப் பதிலாக ‘மனநிறைவு கிடைச்சுதில்ல?’ என்று கேட்கமாட்டார். அந்தத் துணிச்சல் கலை, கல்வி, தொண்டு என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்களுக்குத்தான் வரும்.

எங்கள் மன்றத்தில் பதினான்கு பேர். கணக்கரும் ஓட்டுநரும் சம்பளப் பதிவேட்டில் இருந்தார்கள். பயிற்சி தரும் நாங்கள் ஐந்து பெண்களும் ‘மதிப்பூதியம்’ என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போட்டோம். கடைசியாக நான் வாங்கியது மாதம் 9,000 ரூபாய். கணக்கர் ஓய்வு பெற்றபோது அவருக்குப் பணிக்கொடை கொடுத்தார்கள். நான் கேட்டபோது, “நீங்க ஊழியர் இல்லீங்களேம்மா, குடும்பம் மாதிரிங்க” என்றார்கள். வேலை செய்யும் இடத்தில் யாராவது குடும்பம் என்று சொன்னால் பெண்கள் உடனே தங்கள் பையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நான் விடைபெற்றபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு எளிது. மாத ஊதியத்தை 26 நாளாக வகுத்து, பதினைந்து நாள் ஊதியத்தைப் பணியாற்றிய வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய் வருகிறது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தால் சட்டம் ஓடிவிடும் என்று நினைப்பவர்கள், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத் அங்கன்வாடிப் பெண்களின் வழக்கில் சொன்னதைப் படிக்கட்டும். அவர்கள் வாங்குவது மதிப்பூதியம்தான், ஊதியம் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதுவும் ஊதியமே, பணிக்கொடை உண்டு என்றது.

‘கலை அமைப்புகளிடம் ஏதுங்க பணம்?’ என்பார்கள். ஃபிளெக்ஸ் பேனருக்கு இருந்தது. மைக்செட்காரர் முன்பணம் வாங்காமல் வண்டியிலிருந்து ஸ்பீக்கரை இறக்கமாட்டார். அவருக்கு மதிப்பூதியம் என்று சொல்லிப் பார்க்கட்டுமே. அரசும் கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது; ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘நலிந்த’ என்ற சொல் இருக்கிறது. நலிந்த பிறகு உதவி. நலியாமல் இருப்பதற்கான ஊதியத்தைப் பற்றிப் பேச்சில்லை.

வள்ளி கும்மி இந்தப் பக்கம் பெரும்பாலும் ஆண்களின் ஆட்டமாக இருந்தது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்று பேசப்படும் கோவைக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல், 87 வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வட்டத்தில் நின்று கற்று, அடுத்த ஊர்ப் பெண்களுக்குக் கொண்டுபோன எங்களைப் போன்றவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறோம்?

இனி என் பங்கு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, களத்தில் வேலை பார்த்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக வந்த ஒரு பெண், “ஏனுங்கக்கா, பஸ் காசாவது குடுக்கச் சொல்லுங்க” என்றாள். “நாமெல்லாம் காசுக்காகவா வந்தோம், கண்ணு?” என்றேன். என் வீட்டில் கணவரின் சம்பளம் இருந்தது. அவள் வீட்டில் அவள் கூலிதான் இருந்தது. மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள். எங்கள் குழுவிலேயே நல்ல குரல் அவளுடையது. அந்த நிர்வாகிகள் எனக்குச் சொன்னதை அவர்களுக்கு முன்பே நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் வேறு கதை. விடைபெற்று வந்த மறுநாளே மகன் திருப்பூரிலிருந்து பேசினான்: “இனி ஃப்ரீதானேம்மா, பாப்பாவைப் பாத்துக்கலாம்.” பேத்தியை எனக்கும் பிடிக்கும். பிடிக்கும் என்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இப்போது நன்றாகத் தெரியுமே. வாரத்தில் மூன்று நாள் என்று சொல்லியிருக்கிறேன். மருமகள் சிரித்தாள், அவளுக்குப் புரிந்தது. மகனுக்கு இன்னும் கோபம்.

பணிக்கொடைக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் மன்றத்துக்கு அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அடுத்தது தொழிலாளர் துறை. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் வவுச்சரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மதிப்பூதியம் என்ற சொல்லை அடித்துவிட்டு, ஊதியம் என்று எழுதித் தரச் சொல், அதுவரை கையெழுத்துப் போடாதே என்றேன். “வேண்டாம்னு அனுப்பிட்டா என்னங்கக்கா பண்றது?” என்று கேட்டாள். மற்ற நான்கு பேரின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.