இருபது யூனிட்: எந்த சிரிஞ்சில்?

மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில், புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் ஒவ்வொரு சிறு கோடும் ஒரு யூனிட். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. ஒரு மில்லி சிரிஞ்சில் ஒவ்வொரு கோடும் இரண்டு யூனிட்.

மருத்துவர் சீட்டில் "20 – 0 – 10" என்று எழுதுகிறார். காலையில் இருபது, மதியம் இல்லை, இரவில் பத்து. எந்த மூடி என்பது பெரும்பாலும் சீட்டில் இருப்பதில்லை.

நாற்பது யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உடம்புக்குள் போவது வெறும் எட்டு யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். "ஊசி போட்டும் குறையலையே" என்று வீட்டில் எல்லோரும் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். இதற்கு நேர்மாறான தவறு உயிருக்கே ஆபத்து. இன்சுலின் பேனாவின் ஊசி தீர்ந்துவிட்டது, அல்லது பேனா பழுதாகிவிட்டது என்று அதற்குள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி மருந்தை இழுப்பவர்கள் உண்டு. அந்தக் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். கையில் இருப்பது சிவப்பு மூடி சிரிஞ்சு என்றால், 20 என்ற கோட்டில் நிற்பது ஐம்பது யூனிட். இரண்டரை மடங்கு.

இந்தக் குழப்பம் இன்சுலினோடு கூடப் பிறந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்த மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் 10, 20, 40, 80 என்று பல செறிவுகளில் அது விற்கப்பட்டது. எந்தக் குப்பிக்கு எந்த சிரிஞ்சு என்று நோயாளிகள் திணறியதால்தான், எல்லாவற்றையும் 100 யூனிட் என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. பிரிட்டன் 1983இல் மாறியது. இந்தியாவிலோ பேனாக்கள் 100 யூனிட்டில் வர, ஏழை எளியவர்கள் நம்பியிருக்கும் குப்பிகளில் இன்றும் பெரும்பாலானவை 40 யூனிட்டிலேயே வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இன்சுலின் போடுபவர்கள் ஒரு பகுதிதான் என்றாலும், இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இரண்டு அளவுகோலைக் கொடுத்துவிட்டுக் கவனமாக இருங்கள் என்பது நியாயமே இல்லை.

ஊசியின் பக்க விளைவுகளில் முதலிடம் தாழ்சர்க்கரைக்கு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரைதான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி. அதையும் கடந்தால் பேச்சுக் குழறும், ஆள் அடையாளம் தெரியாது. அளவு மாறிப் போடுவது மட்டும் காரணமல்ல. ஊசியைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தாலும் வரும். ஆடி வெள்ளிக்கு விரதம் இருந்துகொண்டு வழக்கமான அளவையே போட்டாலும் வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்குவதால், பழைய அளவே அதிகமாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். அப்படிப்பட்டவருக்கு எஞ்சுகிற எச்சரிக்கை வியர்வைதான். நடுராத்திரியில் தலையணை நனைந்தால் மின்விசிறியைக் கூட்டுவதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

நினைவு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைப்பதுதான் வழி.

அதிகம் பேசப்படாத இன்னொரு பக்க விளைவு, தோலுக்கடியில் கட்டும் கொழுப்புக் கட்டி. தொப்புளுக்கு அருகே ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், அந்த இடம் மெத்தென்று தடித்துவிடும். கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளி அதே இடத்தையே நாடுகிறார். கட்டியில் போன மருந்து ஒருநாள் மெல்ல இறங்குகிறது, மறுநாள் எப்படி இறங்கும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்த மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஒருநாள் நோயாளி அந்தக் கூடுதல் அளவை நல்ல தோலில் குத்த, முழு மருந்தும் வேலைசெய்து அவர் சுருண்டு விழுகிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். கட்டி இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். இடத்தை மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கவும் வேண்டும். தினமும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுவது நல்லது.

பாதுகாத்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது. ஆகவே ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. பிரித்ததை வெயில் படாத இடத்தில், 30 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலான வகைகளை நான்கு வாரம் வரை வைக்கலாம். நம்மூர் மே மாதத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அது நடக்காது. அங்கே ஈரமண்ணில் வைத்த மண்பானை ஓரளவு காப்பாற்றும்.

இவ்வளவு நுணுக்கம் உள்ள ஒரு மருந்தை ஒரு சீட்டோடு கொடுத்தனுப்பும் வழக்கம் மாற வேண்டும். முதல் ஊசியைச் செவிலியர் முன்னால் நோயாளியோ, வீட்டில் ஊசி போடப்போகிறவரோ தன் கையால் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நெரிசலில் மருத்துவருக்கு நேரம் இருக்காது என்பது உண்மை. அதனால்தான் இதை ஒரு பயிற்சி பெற்ற செவிலியரின் தனிப் பணியாகவே ஒதுக்க வேண்டும். சீட்டில் "20 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்சு" என்று தமிழில் எழுத இரண்டு விநாடி போதும். "சுகர் ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருபவரிடம், எந்தக் குப்பிக்கு என்று கேட்காமல் சிரிஞ்சு விற்கக் கூடாது என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டாயமாக்கலாம். குப்பி அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் செறிவை, சிரிஞ்சின் மூடி நிறத்திலேயே பட்டையாக அச்சிடச் சொல்லலாம். இவை இடைக்கால ஏற்பாடுகள். விலை ஏறாமல் குப்பிகளையும் 100 யூனிட்டுக்கு மாற்றி, சிவப்பு மூடியைச் சந்தையிலிருந்து விலக்கும் தேதியை ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். அந்த மாற்றத்தின்போது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பழைய சிரிஞ்சுகளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் ஏற்பாட்டோடு.