எலும்பா, கல்லாகிப்போன மரமா?



2020 டிசம்பரில் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஓடியது நினைவிருக்கும். உங்களில் பலர் எனக்கும் அனுப்பினீர்கள். கடைசியில் அது முட்டை இல்லை, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடல் உயிரியைச் சுற்றி இறுகிய கல் உருண்டை என்று தெரிந்தது. உருண்டையாக இருந்தால் முட்டை, நீளமாக இருந்தால் எலும்பு என்று உருவத்தை வைத்தே முடிவு கட்டிவிடுகிறோம்.

உருவம் படித்தவர்களையும் குழப்பும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டு, 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் மாட்லியி என்று பெயர் வைத்தார்கள். பேருடல் படைத்தது என்று பொருள். 1929-லேயே இந்தப் பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதிய மாட்லியின் பெயர் பின்னால் சேர்ந்தது. முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! உலகிலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அந்த எலும்பு உதிர்ந்து அழிந்துவிட்டது. மிஞ்சியது வரைபடங்களும் சில பழைய படங்களும்தான். "அது எலும்பே இல்லை, கல்லான மரம்" என்று வெளிநாட்டில் சந்தேகம் எழுந்தது. 2022-ல் அய்யாசாமியும் இன்னொருவரும் பழைய படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று வாதிட்டார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் மனம் சாய்வது நிரூபணம் ஆகாதே.

நகம் அளவு துண்டு மிஞ்சியிருந்தால் போதும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வழக்கு தீர்ந்துவிடும். கெட்டியான எலும்புக்குள் நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகள் இருக்கும். அந்தத் துளைதான் ஹேவர்சியன் கால்வாய். உயிரோடு இருக்கும்போது ரத்தக் குழாயும் நரம்பும் அதன் வழியே போகும். அடுக்குகளுக்கு நடுவே எலும்புச் செல்கள் குடியிருந்த சிறு குழிகள், ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மயிரிழை போன்ற வழிகள். கோடிக்கணக்கான ஆண்டு கழித்தும், செல் அழிந்தாலும் குழி நிற்கும். மரத்தில் இந்த அமைப்பு கிடையாது. வரிசை வரிசையாக நீர் ஏறிய குழாய்களின் சுவர்தான் தெரியும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிறதே, அதன் சீவலைப் பக்கத்தில் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

பொருளும் வேறு. காய்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். கோழிக்கால் எலும்பை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டால் தாது கரைந்து ரப்பர் போல வளையும். அடுப்பில் சுட்டால் நார் எரிந்து, தொட்டாலே நொறுங்கும். நம் கம்பி போட்ட கான்கிரீட் மாதிரிதான். (சிமென்ட் ஆலை ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்!)

வாரணவாசி அருங்காட்சியகத்தில் ஒரு நுண்ணோக்கி வைத்து, எலும்புச் சீவலையும் கல்மரச் சீவலையும் அருகருகே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. பெரிய டைனோசர் பொம்மையைவிட இது செலவு குறைவு, பயன் அதிகம். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், வினிகர் சோதனையை இந்த வாரமே செய்யலாம்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். விநோதமாக ஏதாவது தட்டுப்பட்டால் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். கிடக்கிற இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் அப்புறம்.