எட்டாவது கோலும் கருவேலங்காடும்

எட்டு கோல் சார். எட்டு!

கிரிக்கெட்டில் எட்டு ரன்னில் தோற்றால், 'அடடா, கைக்கு எட்டினது...' என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஃபுட்பாலில் எட்டு கோலில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனால், கட்டின மனைவிகூட சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மதுரையில் ஓர் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். (பெயர் வேண்டாம். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.) எங்களுக்கு ஒரு டீம் இருந்தது. டீம் என்றால்... ரிக்ரியேஷன் கிளப் காசில் பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்கிவிட்டார்கள். அதில் கால் விட பதினோரு பேர் தேவைப்பட்டார்கள். நான் ரைட் பேக். தகுதி: ஒன்பதாம் நம்பர் பாதம்.

ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை, செக்கானூரணி தாண்டி ஒரு கிராமத்துப் பையன்களோடு 'நட்பு ஆட்டம்'. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே எங்கள் கேப்டன் கருணையோடு எச்சரித்தார்: "பசங்க வெறுங்காலோட ஆடுவாங்களாம்ப்பா. பாத்து, மிதிச்சிராதீங்க."

மைதானம் என்பது வற்றிப்போன கண்மாய். இரண்டு மூங்கில், மேலே ஒரு கயிறு, கோல் போஸ்ட் ரெடி. வலை கிடையாது. (இந்த வலை விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) கோலுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம்.

ஆட்டம் ஆரம்பித்து நாலாவது நிமிஷம் முதல் கோல். வெயிலில் பாளம் பாளமாக வெடித்த தரை. எங்கள் பூட்ஸ் ஒவ்வொரு வெடிப்பையும் நலம் விசாரித்துக்கொண்டு நகர, அவர்கள் "அங்கிட்டுப் போடுறா... இங்கிட்டுப் போடுறா" என்று பறந்தார்கள். நான் பிடிக்க வேண்டிய பையனுக்கு மீசை அரும்பவில்லை. எட்டில் அஞ்சு கோல் என் பக்கம் வழியாக வந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு வேலை இல்லாததால்.

எங்கள் கீப்பர் புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். வலை இல்லையா... ஒவ்வொரு கோலும் நேராகக் கருவேலங்காட்டுக்குள் போகும். அவன் போய்ப் பொறுக்கி வருவான். எட்டு தடவை போனான். எட்டாவது தடவை வரும்போது முட்டியில் ரத்தம், முழங்கையில் முள். நாங்கள் பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவன் என்னவோ தனியாக ஆடித் தோற்ற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை டீ கொண்டுவரும் பையன் வாசலிலேயே நின்று கேட்டான்: "எத்தனை சார், எட்டா?" டீயைத்தான் கேட்டான். ஆனாலும் கேப்டன் அவனை அடிக்கப் போனார்.

கீப்பர் மூன்று நாள் ஆபீஸுக்கு வரவில்லை. வியாழக்கிழமை வந்தான், கையில் ஒரு விண்ணப்பத்தோடு. ராமநாதபுரத்துக்கு மாற்றல் கேட்டு! தண்டனையாக அங்கே போனவர்கள் உண்டு. கேட்டு வாங்கிப் போனவர் எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் இல்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் டீம் மீட்டிங். ஒரே ஒரு தீர்மானம்: கீப்பரை மாற்றுவது. முதலில் வழிமொழிந்தவன் நான். சத்தமாகவே வழிமொழிந்தேன். அஞ்சு கோல் விட்டவன் இல்லையா.

அப்போதுதான் பட்டாளத்தார் வாயைத் திறந்தார். ரெக்கார்டு ரூமில் இருந்தவர். அதற்கு முன் மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டனில் பயிற்சி. பெரும்பாலும் பேசமாட்டார். பைல்களோடு பழகி அந்தக் குணம் வந்துவிட்டது.

"கீப்பரை மாத்துறது இருக்கட்டும் தம்பி. ஜகார்த்தா தெரியுமா?"

"ஜிகர்தண்டா தெரியும்ணே."

முறைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பாதியை அன்று நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். அத்தனையும் நிஜம்.

* * *

1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். இந்தியாவும் யூகோஸ்லாவியாவும் ஆடின. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால், அந்தக் குளிரில். ஸ்கோர் 10-1. நம்முடைய அந்த ஒரு கோலை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அகமது கான் போட்டார். எட்டு வாங்கினதற்கே ராமநாதபுரம் என்றால், பத்துக்கு எங்கே போவது?

கோச், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்திய ஃபுட்பால் சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. (எங்கள் கேஸ் நேர் எதிர்!) அதே ரஹீம் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கு டீமைக் கூட்டிப் போனார். ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே 4-2. நெவில் டிசோசா மூன்று கோல். அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. இந்தத் தடவை முதல் கோல் நம்முடையது! முடிவில் 4-1 என்று தோற்றோம், நாலாவது இடம். ஆனால் பத்து நாலாகியிருந்தது, சார். நாலு வருஷத்தில்.

அப்புறம்தான் ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அதோடு வேறொரு தலைவலி. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குச் சேர்க்காததை இந்தியாவின் சோந்தி என்ற விளையாட்டு அதிகாரி தட்டிக் கேட்டுவிட்டார். ஊரே கொதித்துப்போய் நம் தூதரகத்தையே தாக்கினார்கள். மைதானத்தில் இந்தியா என்றாலே ஊளை.

இந்த நிலைமையில் மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்? ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். ரஹீம் அதே ஆட்களை வைத்துக்கொண்டார். அங்கிட்டு இருந்தவனை இங்கிட்டு நகர்த்தினார். அவ்வளவுதான்.

தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 ஜெயித்தாகிவிட்டது. ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். நம் டிஃபன்ஸின் சுவரே அவர்தான். தலையில் தையலோடு சுவராக நிற்க முடியுமா? வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்! தெற்கு வியட்நாமோடு அரையிறுதி, 3-2. அதில் ஒன்று ஜர்னைல் போட்டது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. மறுபடியும் அதே தென் கொரியா. மைதானத்தில் லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிராக. நமக்காகக் கத்தியவர்களில் யார் தெரியுமா? ஹாக்கி ஆட வந்திருந்த பாகிஸ்தான் டீம்! இதைச் சொல்லும்போது பட்டாளத்தார் கொஞ்சம் நிறுத்தி, டீயைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அவர் 65, 71 இரண்டு யுத்தங்களையும் பார்த்தவர்.

17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல். கொரியாவால் கடைசியில் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம்!

அன்றைக்கு முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்த தமிழ்ப் பையன். பயிற்சிக்கு வரப் பஸ் காசு இல்லை என்ற நாளில், வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். 2023-ல்தான் பலராம் காலமானார். எத்தனை பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது என்று கேட்காதீர்கள்.

கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலில் படுத்திருந்தவரை இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினார் ரஹீம். இந்தத் தங்கராஜ் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் ஆடியவர். பட்டாளத்தாருக்குக் கண் கலங்கிய இடம் இதுதான். "எங்க ஆளு தம்பி. முதல்ல ஃபார்வர்டுதான் ஆடினாரு. அப்புறந்தான் கோலுக்கு வந்தாரு. எவனுக்கு எந்த இடம்னு யாராச்சும் உத்துப் பாக்கணும்ல?"

ரஹீமுக்கு அப்போது உடம்பில் புற்றுநோய். அடுத்த ஜூனில் இறந்துபோனார். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 'மைதான்' என்று 2024-ல் அஜய் தேவ்கனை ரஹீமாக நடிக்கவைத்து இந்திப் படம் வந்தது. பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

* * *

கதை முடிந்ததும் பட்டாளத்தார் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கீப்பரிடம் போய் அந்த விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு மேட்ச் ஆடு. அப்புறமும் வேணும்னா திருப்பித் தர்றேன்."

இரண்டாவது, எங்களுக்கு ஒரு சட்டம். "இனிமே கோல் விழுந்தா பந்தை எடுக்கப் போறவன் கீப்பர் இல்ல. எவன் பக்கமா வந்துச்சோ, அவன்."

சிரித்தோம். அரசரடிப் பக்கம் ஒரு பொட்டலில் மூன்று மாசம் காலையில் ஆறு மணிக்குப் பயிற்சி. கேப்டனைப் பின்னால் இழுத்தார், டைப்பிஸ்ட்டை முன்னால் தள்ளினார். பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டார். முதல் வாரம் நான் நடந்த நடையைப் பார்த்து, மேலமாசி வீதியில் ஒரு பாட்டி "என்னய்யா, பூக்குழி எறங்குனியா?" என்று கேட்டாள்.

ஆவணியில் அதே கண்மாய். அதே மூங்கில். அதே மீசை முளைக்காத பையன். (இப்போது லேசாக முளைத்திருந்தது.)

பத்தாவது நிமிஷம், என் பக்கமாக வந்து ஒரு கோல்!

கீப்பர் பழக்கதோஷத்தில் திரும்பிக் காட்டைப் பார்த்தான். கரையில் பட்டாளத்தார் எழுந்து நின்றார். நான் போனேன். வெறுங்காலோடு, கருவேலத்துக்குள். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று. குனிந்து எடுக்கும்போது வெளியே ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நமக்காக. அதைவிட முள் தேவலாம். இதற்குள் அவன் எட்டு தடவை வந்து போயிருக்கிறான்.

வெளியே வந்து பந்தை அவன் கையில் கொடுத்தேன். "ஸாரிடா" என்று சொல்ல நினைத்தேன். "முள்ளு ஜாஸ்தியா இருக்குடா" என்றுதான் வந்தது. அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

2-1. தோல்விதான்! ஆனால் டைப்பிஸ்ட் ஒரு கோல் போட்டார். கீப்பர் நாலு பந்தைப் பாய்ந்து பிடித்தான். கிராமத்துப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் மோர் கொடுத்து, "ஏப்பு, போனவாட்டி வந்தது வேற டீமா?" என்று கேட்டார். விண்ணப்பத்தைக் கீப்பர் திருப்பிக் கேட்கவில்லை. பட்டாளத்தார் அதை ரெக்கார்டு ரூமில் வைத்திருந்தார். அங்கே போன காகிதம் என்றைக்குக் கிடைத்திருக்கிறது!

* * *

இத்தனை வருஷம் கழித்து இதைக் கிளறக் காரணம், இன்னொரு கீப்பர்.

2015 ஐ.எஸ்.எல். ஞாபகமிருக்கும். நம் சென்னையின் எஃப்.சி. ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி. கோச் மாட்டராஸி... 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதான் தலையால் முட்டினாரே, அந்த மார்புக்குச் சொந்தக்காரர். அங்கிருந்து வரிசையாக ஜெயித்து, வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, டிசம்பர் 20 அன்று கோவாவில் கோவாவோடு இறுதி ஆட்டம். 87-வது நிமிஷம் கோவா 2-1 முன்னிலை. 90-ல் பந்து கோவா கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மேலேயே பட்டு உள்ளே போனது. ஓன் கோல். அடுத்து மெண்டோசா ஒன்று. 3-2. கோப்பை சென்னைக்கு.

நாமெல்லாம் குதித்தோம். நானும்தான். அதே ஆட்டத்தில் கட்டிமணி பெனால்டி தடுத்ததை யார் ஞாபகம் வைத்தார்கள்?

2022 மார்ச் 20. அதே கோவா, அதே ஃபட்டோர்டா மைதானம், மறுபடி ஐ.எஸ்.எல். இறுதி. இப்போது கட்டிமணி ஹைதராபாத் கீப்பர். கேரளா பிளாஸ்டர்ஸோடு 1-1, பெனால்டி ஷூட் அவுட். மூன்றைத் தடுத்தார். மூன்று! கோப்பை ஹைதராபாத்துக்கு.

ராத்திரி பதினொன்றைத் தாண்டியிருக்கும். எங்கள் பழைய கீப்பருக்கு போன் போட்டேன். இப்போது அவனுக்கும் தலை நரைத்து, பெண்ணுக்குக் கல்யாணம் பார்க்கிறான். பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். 2015 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணே..."

"என்னடா?"

"2015-ல அந்த ஓன் கோல் விழுந்துச்சுல்ல... வலைக்குள்ள கெடந்த பந்தை யாருண்ணே எடுத்தா?"

"டி.வி.-ல காட்டலடா."

"சரிண்ணே, வைங்க. காலைல ஆபீஸ் இருக்கு."