கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் இடையில் தடுமாறும் அமெரிக்கச் சட்டம்

அமெரிக்காவில் குறுங்குழல் ரைபிள்களுக்கும் ஒலியடக்கிகளுக்கும் 1934 ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்டு வந்த 200 டொலர் வரி, 2026 ஜனவரி முதலாம் திகதியுடன் பூச்சியமாக்கப்பட்டுள்ளது. ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 ஜூலை 4 ஆம் திகதி கையொப்பமிட்ட பாரிய வரிச் சட்டத்தின் ஒரு மூலையில் இந்த ஏற்பாடு இடம்பெற்றிருந்தது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கான வரியில் மாற்றமில்லை. பதிவுசெய்யும் கடப்பாடும் அப்படியே உள்ளது. மேலோட்டமாக நோக்கின் இது ஒரு சிறிய வரிச் சலுகை. ஆனால் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 48,000 இற்கும் அதிகமானோரைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலிகொடுத்த ஒரு நாட்டில், எது எத்தகைய ஆயுதம் என்று தீர்மானிக்கும் சட்டம் எவ்வளவு தூரம் உள்ளீடற்றுப் போயுள்ளது என்பதை இம்மாற்றம் காட்டுகின்றது.

கைத்துப்பாக்கியைக் கார்பைனாக மாற்றும் உபகரணங்கள் இதற்குச் சிறந்த உதாரணமாகும். கிளொக் போன்றதொரு சாதாரண கைத்துப்பாக்கியை அப்படியே உள்ளே செருகிப் பூட்டக்கூடிய கூடுதான் இது. பின்புறத்தில் தோளில் ஊன்றும் பிடியும் மேற்புறத்தில் குறிபார்க்கும் கருவியைப் பொருத்துவதற்கான தளமும் இருக்கும். ‘ரோனி’ என்ற பெயரில் விற்பனையாகும் இஸ்ரேலியத் தயாரிப்பு இவற்றுள் பிரபலமானது. துப்பாக்கியில் நிரந்தர மாற்றம் எதனையும் செய்யாமல், சொற்ப நேரத்தில், இடுப்பில் மறைத்து வைக்கக்கூடிய ஆயுதத்தைத் தோளில் ஊன்றி நிதானமாகக் குறிவைத்துச் சுடும் ஆயுதமாக மாற்றிவிடலாம்.

இவ்வாறு மாறியது கைத்துப்பாக்கியா, ரைபிளா? தோளில் ஊன்றிச் சுடும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டதோ, மீள வடிவமைக்கப்பட்டதோ ரைபிள் என்கிறது அமெரிக்கச் சட்டம். அந்த ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், அல்லது மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தால், அது விசேட கட்டுப்பாட்டுக்குள் வரும். கைத்துப்பாக்கியின் குழல் பொதுவாக நான்கைந்து அங்குலம் மாத்திரமே. எனவே தோள்பிடியுள்ள கூட்டுக்குள் அதனைச் செருகிய கணத்திலேயே அது ‘குறுங்குழல் ரைபிள்’ ஆகிவிடுகின்றது. முன் அனுமதி, விரல் அடையாளம், புகைப்படம், பதிவு ஆகிய எதுவுமின்றி அதனைச் செய்தவருக்குப் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அதே துப்பாக்கிக்கு 16 அங்குலக் குழலைப் பூட்டிவிட்டால் அது வெறும் சாதாரண ரைபிள். தோள்பிடி இன்றி முன்புறத்தில் செங்குத்தான கைப்பிடி ஒன்றைப் பொருத்தினால், அதிகாரிகளின் கணிப்பில் அது மற்றுமொரு கட்டுப்படுத்தப்பட்ட வகை. அந்தக் கைப்பிடி சற்றுச் சரிந்திருந்தால் அதுவுமில்லை! சுடப்படுபவரின் உடலில் பாயும் ரவைக்கு இந்த வேறுபாடுகள் தெரியப் போவதில்லை.

இந்த விசித்திரத்தின் வேர் 1934 இல் உள்ளது. சிக்காகோவில் 1929 இல் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம் உட்பட, பாதாளக் குழுக்களின் அட்டகாசத்தால் நாடு அதிர்ந்திருந்த காலத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்டின் நிர்வாகம் தேசிய துப்பாக்கிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அன்று 200 டொலர் என்பது தொம்சன் இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் விலைக்கு ஏறத்தாழச் சமமானது. மூலச் சட்டமூலத்தில் கைத்துப்பாக்கிகளும் உள்ளடக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு வரி விதித்தால் மக்கள் ரைபிளின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போல மறைத்துச் செல்வார்கள் என்பதனாலேயே குறுங்குழல் ஆயுதங்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பின்னர் எழுந்த எதிர்ப்பினால் கைத்துப்பாக்கிகள் நீக்கப்பட்டன. ஆனால் குறுங்குழல் ரைபிள் பற்றிய வாசகம் அப்படியே எஞ்சியது. வாசற்கதவைக் கழற்றி எறிந்துவிட்டு யன்னலுக்குக் கம்பி போட்ட கதை இது. அமெரிக்காவில் துப்பாக்கியினால் புரியப்படும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கைத்துப்பாக்கிகளினாலேயே நிகழ்கின்றன.

உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலுக்கு நேரடியாக முகங்கொடுத்தது 1992 இல் ஆகும். தொம்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம் 10 அங்குலக் குழலுடைய கைத்துப்பாக்கியையும், தோள்பிடி, 21 அங்குலக் குழல் ஆகியவற்றைக் கொண்ட மாற்று உபகரணத்தையும் சேர்த்து விற்க முற்பட்டது. வாங்குபவர் தோள்பிடியைக் குறுகிய குழலுடன் பொருத்தவும் முடியும் என்பதால் முழுப் பொதியுமே குறுங்குழல் ரைபிள் என்றது அரசாங்கம். நிறுவனம் 200 டொலர் வரியைக் கட்டிவிட்டு, அதனைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடர்ந்தது. ஐந்துக்கு நான்கு என்ற அடிப்படையில் நிறுவனமே வென்றது. சட்டம் இரு பொருள் தருமிடத்து, குற்றத் தண்டனையை விளைவிக்கும் சட்டமாதலால், ஐயத்தின் பயன் குடிமகனுக்கே போய்ச்சேர வேண்டும் என்பதே நீதியரசர் சவுட்டர் எழுதிய தீர்ப்பின் அடிநாதம்.

இந்தக் கோட்பாட்டைத் துப்பாக்கி வியாபாரிகளின் தந்திரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்மணி, உடையிலிருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மசக்கரமாகக் கருதப்பட்டதனால் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டதை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நெகிழ்வான சொற்களுக்கு எத்தனை தமிழ் இளைஞர்கள் தமது வாலிபத்தைப் பறிகொடுத்தார்கள் என்பதும் அறிந்ததே. சட்டத்தின் சொல்லுக்கு அதிகாரி நினைத்தவாறு பொருள் கொடுக்கலாம் என்ற நிலையின் விலையை இந்நாட்டின் சிறுபான்மையினர் நன்கறிவர்.

அமெரிக்காவிலும் அதிகாரிகளின் பொருள்கோடல் நிலையாக இருக்கவில்லை. தோள்பிடிக்குப் பதிலாக, முன்கையில் பட்டியால் இறுக்கிக் கொள்ளும் தாங்கி ஒன்று சந்தைக்கு வந்தது. உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் ஒரு கையால் சுடுவதற்கென உருவாக்கப்பட்ட அதனை, துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான சமஷ்டிப் பணியகம் 2012 இல் அனுமதித்தது. 2015 இல், தோளில் ஊன்றினால் குற்றம் என்றது. 2017 இல் அதிலிருந்து பின்வாங்கியது. இதற்கிடையில் இலட்சக்கணக்கானோர் அதனை வாங்கித் தோளில் ஊன்றியே சுட்டனர். 2021 மார்ச்சில் கொலராடோவின் போல்டர் நகரில் பேரங்காடி ஒன்றில் பத்துப் பேரைக் கொன்றவன் ஏந்தியிருந்ததும் இத்தகைய தாங்கி பொருத்திய ‘கைத்துப்பாக்கி’யே.

அதன் பின்னரே ஜனாதிபதி பைடனின் நிர்வாகம் 2023 ஜனவரியில் புதிய விதியை வெளியிட்டது. எடை, நீளம், தாங்கியின் பின்புறப் பரப்பு, குறிபார்க்கும் கருவி, தயாரிப்பாளரின் விளம்பரம் எனப் பலவற்றை நோக்கி ஆயுதத்தின் வகையைத் தீர்மானிப்பதென்றும், வைத்திருப்போர் மே மாத முடிவுக்குள் வரியின்றிப் பதியலாமென்றும் கூறப்பட்டது. பணியகத்தின் சொந்தக் கணிப்பிலேயே முப்பது இலட்சம் தாங்கிகள் புழக்கத்தில் இருந்தன. பதிவுக்கு வந்த விண்ணப்பங்களோ சுமார் இரண்டரை இலட்சம். விதியை 2024 ஜூனில் டெக்சாஸ் சமஷ்டி நீதிமன்றம் முற்றாக இரத்துச் செய்தது.

அடுத்த நாளே உச்ச நீதிமன்றம், விசையை மிக வேகமாக இயங்கச் செய்யும் ‘பம்ப் ஸ்டொக்’ மீதான தடையையும் ஆறுக்கு மூன்று என நீக்கியது. 2017 ஒக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் 60 உயிர்களைக் குடித்த துப்பாக்கிகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. அதனைத் தடை செய்தது ட்ரம்பின் முதலாவது நிர்வாகமே என்பது குறிப்பிடத்தக்கது. பெரும்பான்மையினருடன் இணங்கிய நீதியரசர் அலிட்டோ, காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தினால் விடயம் முடிந்தது என்று தனியாக எழுதினார்.

அவர் சுட்டிக்காட்டிய இடம் சரியானதே. நீதிமன்றங்கள் சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கின்றன, அதில் தவறில்லை. பணியகம் பழைய சட்டத்தை இழுத்து நீட்டிப் புதிய ஆயுதத்தை மூட முயல்கின்றது. அது கிழிந்து போகின்றது. தொண்ணூறு ஆண்டுகளாகக் கைத்துப்பாக்கியைத் தொட அஞ்சும் காங்கிரஸே பொறுப்பைத் தட்டிக்கழித்து நிற்கின்றது.

2025 இல் காங்கிரஸ் இச்சட்டத்தில் கைவைத்தபோதும் அது எதிர்த்திசையிலேயே நிகழ்ந்தது. குறுங்குழல் ஆயுதங்களையும் ஒலியடக்கிகளையும் சட்டத்திலிருந்தே அகற்றுவதற்குக் குடியரசுக் கட்சியினர் முயன்றனர். வரவுசெலவு நடைமுறையின் கீழ் அதற்கு இடமில்லை என செனட் சபையின் நடைமுறை அதிகாரி கூறியதால், வரியைப் பூச்சியமாக்குவதுடன் நின்றனர். ஆனால் அச்சட்டம் செல்லுபடியானது என 1937 இல் உச்ச நீதிமன்றம் கூறியது, அது வரி விதிக்கும் அதிகாரத்தில் தங்கியிருந்தமையாலேயே. வரியே இல்லையெனில் பதிவேட்டுக்கு என்ன ஆதாரம் என வினவி, துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் 2025 இலேயே நீதிமன்றம் சென்றுவிட்டன. அவ்வாதம் ஏற்கப்படுமாயின், கைத்துப்பாக்கியைக் கூட்டுக்குள் செருகித் தோளில் ஊன்றுபவர் சமஷ்டி அரசாங்கத்தில் எவரிடமும் அதனைப் பதிய வேண்டியிராது.