சுருக்குப்பையும் பர்சைட்டிஸும்

போன மாசம் அம்மிச்சியைக் கூட்டிக்கிட்டு ஆர்.எஸ்.புரத்துல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போயிருந்தேன். முழங்காலுக்கு முன்னால எலுமிச்சை அளவுக்கு வீக்கம். சீட்டில் 'பர்சைட்டிஸ்' என்று எழுதியிருந்தது. டி.பி. ரோட்டைத் தாண்டுவதற்குள் அம்மிச்சி மூணு தடவை கேட்டாச்சு: "ஏஞ்சாமி, இது கேன்சரு கீன்சரு இல்லியே?"

இன்ஜினியரிங் படிக்கிற பேரன். பதில் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன்.

'பர்சா' என்றால் லத்தீனில் பை, பணப்பை. தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம பாக்கெட்டில் இருக்கும் 'பர்ஸ்' அதன் வாரிசுதான். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. எலும்புக்கும் தசைநாருக்கும், எலும்புக்கும் தோலுக்கும் இடையில் உராய்வைக் குறைக்க வழவழப்பான நீர் கொண்ட சின்னச் சின்னப் பைகள் உடம்பில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மெக்கானிக்கல்காரங்களுக்குச் சொன்னா, லூப்ரிகேஷன் வேலை. வருஷக்கணக்கில் முட்டி போட்டுத் தரை துடைத்தால் முழங்கால் பை வீங்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'வேலைக்காரப் பெண்ணின் முழங்கால்' என்றே ஒரு பெயர் உண்டு.

"அம்மிச்சி, உன்ற இடுப்புல இருக்கிற சுருக்குப்பை மாதிரி முட்டிக்குள்ள ஒரு பை. அது வீங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"அட, பைதானா? அதைச் சொல்றதுக்கென்ன!"

அந்தக் கேள்விதான் இன்னும் குடையுது. லத்தீன்காரர்கள் வீட்டுப் பையின் பெயரைத்தான் உடம்புக்குள் இருந்த பைக்கும் வைத்தார்கள். நாமும் அதைத்தானே செய்திருக்கிறோம்? இரைப்பை, பித்தப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் பாதி அர்த்தம் பெயரிலேயே கிடைத்துவிடும். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். அப்பவே முடிஞ்ச வேலைதான் இது.

'பர்சைட்டிஸ்' வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகம் முழுக்க டாக்டர்களுக்கு ஒரே பெயர் வேணும், அது இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வரி தமிழும் இருக்கட்டும் என்கிறேன். நம்மில் எத்தனையோ பேர் நாளைக்கு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதப் போகிறோம், லேப் ரிப்போர்ட் ஆப் செய்யப் போகிறோம். அந்த ஒரு வரிக்கு இடம் விடுவது நம்ம கையில் இருக்கிறது.

அதுவரைக்கும், உங்க வீட்டுப் பெரியவங்க சீட்டைக் கொடுத்து "என்னன்னு பாரு சாமி"ன்னா, பெயரை மட்டும் படிச்சுக் காட்டாதீங்க. அர்த்தத்தையும் சொல்லுங்க.