யார் பங்கில் இந்த வீதி?

வரவு செலவுத் திட்டக் காலம் வந்தால் திருகோணமலையின் உள்ளூராட்சி மன்றங்களில் பேச்சு தானாகவே வீதிக்கு வந்து நிற்கும். எந்த வட்டாரத்துக்குக் கிறவல், எந்த ஒழுங்கைக்குக் கொங்கிரீட், வடிகானுக்கு மிச்சம் இருக்கிறதா, இல்லாததை மாகாணத்திடம் கேட்பதா கொழும்பிடம் கேட்பதா. பார்க்கச் சிறிய விடயம். ஆனால் வீதிச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு இந்தத் தீவில் 170 ஆண்டுகளுக்கு மேலான கசப்பு உண்டு.

1848-இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் வந்தது வீதிச் சட்டம். 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். முடியாதவர் மூன்று சிலிங் கட்ட வேண்டும். ராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை 1832-இல் ஒழித்த அதே ஆட்சிதான் இதையும் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஊர்மக்களை வீதி வேலைக்கு இறக்கும் வழக்கம் 1555-இல் சட்டமாகி, 1835-இல் நீக்கப்பட்டிருந்தது. தங்கள் மண்ணில் கைவிட்டதைப் பதின்மூன்றே ஆண்டுகளில் நம் தலையில் வைத்தார்கள். அந்த ஆண்டே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்தத் தலைவரியும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கின் அநியாயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொட்டியாரக் குடாவில் வலை வீசுகிறவனுக்கும் ஆறு நாள். வண்டி வண்டியாகக் கோப்பி இறக்குகிற தோட்டத் துரைக்கும் ஆறு நாள். வீதியைத் தேய்ப்பது வண்டிச் சக்கரம், விலை கொடுப்பது மனித உடம்பு. மலையகத்தில் பின்னர் இதற்கு ஒரு திருத்தம் வந்தது: கிளைவீதிகளின் செலவில் பாதியை அரசும், மறுபாதியைத் தோட்டங்கள் தங்கள் ஏக்கர் அளவுக்கு ஏற்பவும் ஏற்றன. பயன் பெறுகிறவன் பங்கு தரட்டும் என்ற நியாயமான ஏற்பாடு அது. தோட்டம் இல்லாத எங்கள் கரைக்கு அந்த ஏற்பாடு வரவில்லை.

எங்களிடம் இருந்தது துறைமுகம். 1795-இல் பிரித்தானியர் பிடித்த நாள் முதல் 1957-இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த நாள் வரை, இங்கே பணம் இறங்கியதெல்லாம் கப்பல் துறைக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் அவற்றைச் சேரும் வழிகளுக்கும்தான். கண்டிப் பக்கமும் அநுராதபுரப் பக்கமும் வீதி இருந்தது. குடாவின் தெற்கே போகிறவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறை துறையாகக் காத்து நின்றார்கள். இந்த மாவட்டத்தில் ‘பாதை’ என்றால் நிலத்தில் போகும் வழி மட்டுமல்ல. மனிதரையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம், சவூதி நிதியில், 2009 ஒக்டோபரில்தான் திறந்தது.

அதற்குப் பிறகும் பாதை ஒழியவில்லை. குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டவென்று வழி மறிக்கப்பட்டது. மாற்று ஏற்பாடாக ஓடிய மிதப்புப் பாதை 2021 நவம்பர் 23 காலை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேரை அன்றே இழந்தோம். பின்னர் அந்தத் தொகை கூடியது. கிண்ணியா நகரசபைத் தலைவர் கைதானார். பாலம் ஒரு நிறுவனத்தின் வேலை, பாதைக்கு அனுமதி இன்னொரு சபையின் வேலை. இரண்டுக்கும் நடுவில், பிள்ளைகள் நீரைக் கடக்கிற அந்தச் சில நிமிடங்களுக்கான செலவும் காவலும் எவருடைய ஏட்டிலும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கவில்லை என்பதே என் எண்ணம். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

ஏடுகள் பிரிந்துதான் கிடக்கின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம்; சி, டி தரம் மாகாணத்திடம்; எஞ்சிய ஒழுங்கைகள் நகரசபை, பிரதேச சபையிடம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்த பின் மாகாணத் தேர்தல் நடக்கவேயில்லை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. பங்கு பேச வேண்டிய மேசையில் இரண்டு கதிரைகள் வெறுமை.

இப்போது ஒரு சபையாவது திரும்பியிருக்கிறது. அங்கே முதலில் பேச வேண்டியது எடையைப் பற்றி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோயில் லொறிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த பரிசோதனை காட்டியது இது: ஓர் அச்சின் சுமை இரட்டித்தால் வீதிக்கு விழும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. சீனக்குடாவில் மா ஆலை, கொட்பேயில் சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள். நாடு முழுவதற்கும் மாவும் சீமெந்தும் எரிபொருளும் இங்கிருந்து போகின்றன; போகட்டும், நாடு உண்ணட்டும், கட்டட்டும். ஆனால் அந்த லொறியின் எரிபொருள் வரி கொழும்புத் திறைசேரிக்கு, ஆண்டு அனுமதிப்பத்திரக் கட்டணம் அது பதிவான மாகாணத்துக்கு. சந்தியில் உடைகிற வடிகான் மூடியை மாற்றுவது மட்டும் சோலைவரி கட்டுகிற ஓய்வூதியக்காரரின் காசில்.

ஏக்கர் கணக்கில் தோட்டத்திடம் பங்கு கேட்க வெள்ளைக்காரனால் முடிந்தது. தொன் கணக்கில் துறைமுகத்திடம் கேட்க நமக்கு என்ன தடை? மத்திய அரசு, மாகாணம், சபை, துறைமுகத்தால் பிழைக்கும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து இடும் ஒரே வீதி நிதி மாவட்டத்துக்கு வேண்டும். அந்த நிதியின் ஏட்டில் முதல் வரி கண்டி வீதியாக இருக்கக் கூடாது. குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியாக இருக்கட்டும்.