மலையின் மௌனம் யாருக்குரியது?

தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் புகையிரதம், மலையைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, அந்நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தினூடே மீண்டும் செல்லும். அவ்வேளையில் எங்கள் லயத்து அடுக்கிலுள்ள கிண்ணங்கள் மெல்லச் சிணுங்கும். மலைநாடு அமைதியின் உறைவிடம் என்பது அங்கே உறங்கி எழாதோர் கூற்று.

இதனை நான் கூறக் காரணமுண்டு. “ரொட்டிக்கு வழியற்றவனுக்கு மில்லிகெல்வின் எதற்கு?” என எள்ளி நகையாடுவோர் எம் கலைப்பீடத்தில் உளர். அறியாமையை ஏழ்மையின் பெயரால் நியாயப்படுத்தும் இப்போக்கினை நான் மறுக்கிறேன்.

மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார், வெள்ளீயத்தைக் கொண்டே ஓர் உணர்கருவியை ஆக்க முயன்று வந்துள்ளனர். வெள்ளீயம்-124 என்னும் அணுக்கரு, நியூட்ரினோவை வெளிவிடாது இரட்டைப் பீட்டாச் சிதைவுறுமா என்பதே வினா. ஆம் எனின், நியூட்ரினோ தனக்குத் தானே எதிர்த்துகள் என்பது பெறப்படும். ஒற்றைச் சிதைவின் வெப்பத்தை உணரவேண்டுமாயின், பளிங்கினைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் நூற்றிலொரு பங்களவுக்குக் குளிர்விக்க வேண்டும். அந்நிலையில் ஒரு கம்பி உராய்ந்தாலும் அது வெப்பமே. ஒரு நடுக்கமும் பொய்ச் சான்றே. விந்தை யாதெனில், குளிரூட்டும் பொறியே முதற் பகைவன்! செக்கனுக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட தடவைகள் ஈலிய வாயுவை அது துடிக்கச் செய்கிறது.

இதற்கு மாற்று யாது? பம்பிகளை வேற்றறையில் வைத்துக் குழாய்களைக் கொங்கிறீற்றுத் திணிவில் இறுக்குவர். குளிர்முனையினின்று வெப்பத்தைக் கடத்த நெகிழ்ந்த செப்புப் பின்னல்களைப் பயன்படுத்துவர். உணர்கருவியையோ தொங்கவிடுவர். தொங்கவிடுதலின் தத்துவத்தை எம் தாய்மார் அறிவர். ஒரு மீற்றர்க் கயிற்றில் ஆடும் சேலைத் தொட்டில் ஒருமுறை ஆடிவர ஏறத்தாழ இரண்டு செக்கன்கள் ஆகும். உத்தரம் பக்கவாட்டில் செக்கனுக்கு 1.4 தடவை நடுங்குமாயின், அந்நடுக்கத்தின் ஏழிலொரு பங்களவே குழந்தையைச் சேரும். ஆனால் உத்தரம் தொட்டிலின் தாளத்திற்கே நடுங்கினால், தொட்டில் மிகையாக ஆடும். மேல்கீழ் அதிர்வுக்கு விற்சுருள் வேறு வேண்டும். இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில் அமைந்த கூஓரே ஆய்வில், தொலைவிலுள்ள மத்தியதரைக் கடலின் அலையாட்டமும் உணரப்பட்டது. மலைக்குள் புகுந்தால் மட்டும் மௌனம் வாய்ப்பதில்லை.

இனி, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்துக்கு வருவோம். வெள்ளீய ஆய்வுக்கும் இடமளிக்கவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு, 2015 சனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபா ஒப்புதலாயிற்று. மலையினுள் சுமார் 2 கிலோமீற்றர்ச் சுரங்கம்; மேலே 1,200 மீற்றருக்கு மேற்பட்ட பாறைப் போர்வை. மக்கள் எதிர்த்தனர். 2022இல் தமிழக அரசு இசையமாட்டோமென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோ மக்களை அழிக்கும் என்று பரப்பியோர் பொய்யுரைத்தனர். ஞாயிற்றினின்று வரும் நியூட்ரினோக்கள் நம் நகமளவான இடத்தினூடே செக்கனுக்கு 6,500 கோடி இந்நொடியும் ஊடுருவிச் செல்கின்றன. எனினும் அப்பொய்யை எள்ளிய அறிஞர் பலர், வெடிவைத்துப் பாறையைப் பிளந்தால் நீர் என்னவாகும் என்ற நேரிய வினாவையும் அதனுடன் சேர்த்தே எள்ளினர். இது பொறுக்கத்தக்கதன்று.

நாம் இதனை ஊவாவில் கண்டவர்கள். உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தினுள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. அங்கே மின்சாரம் வந்தது. இங்கே பௌதிகம் வரும். இரண்டும் வேண்டியவையே. ஆயின், பளிங்கின் நடுக்கத்தை அத்துணை நுணுக்கமாக அளக்க வல்லோர்க்கு, ஒரு கிழவியின் கிணற்று நீர்மட்டத்தை அளக்கக் கயிறு இல்லையா?

வேண்டுவது இதுவே. முதல் வெடி வெடிக்குமுன், ஓராண்டுக் காலம், சுற்றியுள்ள ஊர்களின் நில அதிர்வும் கிணற்று மட்டமும் அளக்கப்பட்டு, மாதந்தோறும் தமிழில் ஊர்ப் பலகையில் ஒட்டப்படல் வேண்டும். அதைத் தமிழில் எழுதுவோர் யார் எனின், மில்லிகெல்வின் எதற்கென நகைக்கும் எம் கலைப்பீட நண்பர்களையே கேட்பேன்.